வற்றாத பாத்திரமும் போதாத குடுவையும்

பொருளியல் எதை ஆராய்கிறது என்ற கேள்விக்கு, இலண்டன் பொருளியல் பள்ளியின் பேராசிரியராக இருந்த லயனல் ராபின்ஸ் 1932இல் வெளியிட்ட சிறு நூலில் அளித்த விடை இன்றும் பாடநூல்களின் முதல் இயலை ஆண்டுவருகிறது. மனிதர் அடைய விரும்பும் நோக்கங்கள் பல என்றும், அவற்றை அடைவதற்கான சாதனங்கள் குறைவு என்றும், அச்சாதனங்களை வெவ்வேறு வழிகளில் பயன்படுத்த முடியும் என்பதால் எதை எதற்கு ஒதுக்குவது என்று தெரிவு செய்யும் கட்டாயம் எழுகிறது என்றும், அத்தெரிவை ஆராய்வதே இத்துறையின் பணி என்றும் அவர் வரையறுத்தார். இவ்வரையறையில் வரும் பற்றாக்குறை என்னும் சொல்லுக்கு வறுமை என்று பொருளில்லை. ஒரு பொருள் இருக்கும் அளவுக்கும் அது வேண்டப்படும் அளவுக்கும் இடையிலான உறவையே அச்சொல் குறிக்கிறது. ஆதலால் கூலியாளைப் போலவே கோடீசுவரனும் பற்றாக்குறைக்கு உட்பட்டவன்தான். அவனுக்கும் நாளொன்றுக்கு 24 மணி நேரமே உண்டு, அதில் ஒரு மணியை ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றொன்றைக் கைவிட நேர்கிறது. அவ்வாறு கைவிடப்படுவதன் மதிப்பையே பொருளியலார் வாய்ப்புச் செலவு என்று வழங்குகின்றனர்.

இந்த வரையறை தன்னை நடுநிலையானதாக முன்வைக்கிறது. நோக்கங்கள் நல்லவையா தீயவையா என்று அது கேட்பதில்லை. மருந்தும் மதுவும் அதன் முன் சமமான நோக்கங்களே. இந்த ஒழுங்கில் பற்றாக்குறை முதலில் ஓர் இயற்கை உண்மையாக வந்து நிற்கிறது, அறம் அதன் பின்னால் வந்து, முன்பே குறுகிப்போன பாதையில் நடக்கக் கற்றுக்கொள்கிறது. அறத்துக்கு முந்தியதாகப் பற்றாக்குறையை வைப்பது சரிதானா என்பதே ஆராய வேண்டிய கேள்வி. சமயங்கள் இக்கேள்வியைப் பொருளியலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே எழுப்பியுள்ளன என்பதும், அவை தந்த விடைகள் பொதுவாக எண்ணப்படுவதைப் போல ‘ஆசையைக் குறை’ என்ற ஒற்றை அறிவுரையில் அடங்கிவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை.

அந்த அறிவுரையும் இருக்கவே செய்கிறது. சமணத்தின் அபரிக்கிரகம், அதாவது தேவைக்கு மேல் பொருளைப் பற்றிக்கொள்ளாமை, துறவிகளுக்கு முழு நோன்பாகவும் இல்லறத்தாருக்கு அளவிட்ட நோன்பாகவும் விதிக்கப்பட்டது. துக்கத்தின் காரணம் வேட்கையே என்பது பௌத்தத்தின் இரண்டாம் வாய்மை. விருப்பங்களுக்கு முடிவில்லை என்ற இடத்தில்தான் ராபின்ஸும் தொடங்குகிறார் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஒரே உண்மையைப் பொருளியல் மாற்ற முடியாத தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறது, பௌத்தமோ குணப்படுத்த வேண்டிய நோயாகக் கொள்கிறது. மார்ஷல் சாலின்ஸ் என்னும் மானிடவியலார் 1972இல் வெளியிட்ட கற்காலப் பொருளியல் பற்றிய நூலில், வேட்டையாடி உணவு சேகரிக்கும் குழுக்கள் குறைவாக விரும்பியதால் குறைவான உழைப்பிலேயே நிறைவடைந்தன என்று வாதிட்டு, இவ்வழிக்கு வரலாற்றுச் சான்று தேட முயன்றார். எனினும், விருப்பத்தைக் குறைப்பது உண்டவனுக்குச் சொல்லத் தகுந்த தீர்வு. உண்ணாதவன் முன் அதைச் சொல்வது அநாகரிகம். இதை முதலில் உணர்ந்தவை பௌத்த நூல்களே என்பதற்கு மணிமேகலையைக் காட்டிலும் தெளிவான சான்று தமிழில் இல்லை. துறவை இலட்சியமாகக் கொண்ட அக்காப்பியம், தன் நாயகிக்கு மெய்யறிவை முழுமையாக உபதேசிக்கும் முன்னர் அவள் கையில் ஓர் உணவுப் பாத்திரத்தைக் கொடுத்து, பசித்தவர்களிடம் அனுப்புகிறது.

அமுதசுரபி எனப்படும் அப்பாத்திரத்திலிருந்து எவ்வளவு எடுத்துக் கொடுத்தாலும் குறையாது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அதற்கு முன்பு அதை வைத்திருந்த ஆபுத்திரனின் கதை அந்த அளவுக்கு நினைக்கப்படுவதில்லை. பற்றாக்குறையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான சிந்தனை அதனுள்தான் இருக்கிறது. மதுரையில் சிந்தாதேவியின் கோயிலில் தங்கி, வீடுதோறும் பிச்சை எடுத்து, கண்ணற்றவர்க்கும் காலற்றவர்க்கும் ஊட்டிவிட்டு எஞ்சியதை உண்டுவந்த ஆபுத்திரனிடம், மழை பெய்யும் ஒரு நள்ளிரவில் பசியோடு சிலர் வந்து நிற்கின்றனர். கொடுக்க ஒன்றுமின்றி அவன் தவிக்கும்போது தேவி தன் கைப்பாத்திரத்தை அவனுக்கு அளிக்கிறாள். பாண்டிய நாடு பன்னிரண்டு ஆண்டு மழையின்றி வாடிய காலத்தில் அவன் அனைவருக்கும் சோறிடுகிறான். அந்த அறத்தின் வெம்மையால் விண்ணுலகில் இந்திரனின் இருக்கை அசைகிறது. கிழ அந்தணன் உருவில் வந்து வரம் தர முன்வரும் இந்திரனிடம், ஈவோரும் ஏற்போரும் இல்லாத தேவருலகில் தனக்கு என்ன வேலை என்று அவன் சிரித்துவிடுகிறான். சினம் கொண்ட இந்திரன் வித்தியாசமான தண்டனை ஒன்றைத் தருகிறான். நாடெங்கும் மழையைப் பொழியச் செய்கிறான்.

விளைச்சல் பெருகுகிறது, உண்பவர் இல்லாமல் போகின்றனர். அடியவர்களும் ஆதரவற்றவர்களும் கூடிய அம்பலங்களில் வீணர்களும் சூதாடிகளும் கூடுகின்றனர். உண்ண வருவோர் உண்டோ என்று கேட்டபடி ஊர் ஊராக அலையும் ஆபுத்திரனை மக்கள் ஏளனம் செய்கின்றனர். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தவர்கள் சொல்லக் கேட்டு அவன் புறப்படுகிறான். காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத் தீவில் நிற்க, அவன் கரையில் இறங்கியதை அறியாமல் அது இரவில் கிளம்பிவிடுகிறது. ஆளற்ற அத்தீவில், ஓர் உலகத்துக்கே போதுமான உணவைக் கையில் வைத்துக்கொண்டு, தன் ஒருவன் வயிற்றுக்காக மட்டும் அதைப் பயன்படுத்த மனமின்றி, ஆண்டுக்கு ஒரு முறை வெளிப்பட்டு அருளுடையோர் கையில் சேர்வாயாக என்று பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிர் துறக்கிறான்.

இந்திரனின் தண்டனையை எண்ணிப் பார்த்தால், வாசகர் யார் பக்கம் நிற்பது என்பதே ஐயமாகிறது. நாட்டுக்கு மழை வந்தது, பசி நீங்கியது, ஒரே ஒருவன் மட்டுமே வேலை இழந்தான். பிறர் பசித்திருந்தால்தான் செழிக்கும் என்ற நிலையில் உள்ள ஓர் அறம், அறமாக எண்ணத்தக்கதா என்ற ஐயத்தைக் காப்பிய ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார் தெரிந்தே எழுப்பினாரா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆனால் கதையில் அந்த ஐயம் இருக்கிறது. தன் அறம் நிலைக்க வறட்சி திரும்பவேண்டும் என்று ஆபுத்திரன் ஓரிடத்திலும் விரும்புவதில்லை. பசி எங்கே இருக்கிறதோ அங்கே போகிறான். கொடையை நிறுவனமாக்கி, அந்நிறுவனம் நீடிக்க ஏழைகளும் நீடிக்கவேண்டும் என்று வழக்கமாகிவிட்ட ஏற்பாடுகளிலிருந்து அவனைப் பிரிப்பது இந்த நடத்தைதான்.

ஆபுத்திரன் கதை காட்டும் இரு எல்லைகளில் ஒன்றை 1751இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் தம் அறநெறி ஆய்வில் தருக்கமாக வகுத்தார். இயற்கை எல்லோருக்கும் எல்லாவற்றையும் வேண்டிய அளவுக்கு வழங்கியிருந்தால் நீதி என்ற கருத்துக்கே தேவை எழுந்திருக்காது என்றும், மறுபுறம் கப்பல் உடைந்து மூழ்கும்போதோ முற்றுகையிடப்பட்ட நகரம் பட்டினியில் வாடும்போதோ சொத்துரிமை விதிகள் தாமாகவே செயலிழந்துவிடும் என்றும் அவர் காட்டினார். நீதி வாழ்வது இவ்விரண்டுக்கும் நடுவே, குறைவு உண்டு ஆனால் அழிவு இல்லை என்ற மிதமான பற்றாக்குறை நிலவும் இடத்தில் மட்டுமே. ஹியூமின் வரைபடத்தில் மழைக்குப் பின்னுள்ள மதுரை மேல் எல்லை. மணிபல்லவத்துக்கு அதில் இடமே இல்லை. அங்கே பொருள் குறையவில்லை. பகிர்ந்துகொள்ள மற்றோர் உயிர்தான் குறைந்தது. பற்றாக்குறையைப் பொருளுக்கும் விருப்பத்துக்கும் உள்ள உறவாக மட்டும் கண்ட ராபின்ஸின் அளவுகோல் கொண்டு பார்த்தால், அத்தீவில் சிக்கலே எதுவும் இருந்திருக்கவில்லை.

விவிலியத்தின் யாத்திராகமத்தில் வரும் மன்னாவும் இதே வகைப் பொருள்தான். எகிப்திலிருந்து வெளியேறிய இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் ஒவ்வொரு காலையும் வானிலிருந்து கிடைத்த அவ்வுணவில், அதிகம் பொறுக்கியவருக்கு மிஞ்சவில்லை, குறைவாகப் பொறுக்கியவருக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென்று பதுக்கிவைத்தது புழுத்துப்போயிற்று. ராபின்ஸ் தம் நூலில் மன்னாவைக் குறிப்பிடுகிறார் என்பது பலரும் கவனிக்காத செய்தி. மன்னா குறைவாகவே இருந்திருந்தாலும், அதை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளவோ பின்னாளுக்குத் தள்ளிவைக்கவோ வழியில்லாதவரை அதில் பொருளியல் கூறு ஏதுமில்லை என்கிறார் அவர். அவர் அதைத் துறையின் எல்லையைக் காட்டும் வேடிக்கையான எடுத்துக்காட்டாகவே தந்தார். யாத்திராகமமோ அவ்விரண்டையும், அதாவது மாற்றையும் பதுக்கலையும், வேண்டுமென்றே நீக்கிய ஒரு சமுதாயத்தை நாற்பது ஆண்டுப் பயிற்சியாக முன்வைக்கிறது. பற்றாக்குறையின் பெரும்பகுதி இருப்பில் பிறப்பதில்லை, இருப்பை ஒருவர் பிறரிடமிருந்து பிரித்துக் காத்துவைக்க முடிவதில் பிறக்கிறது என்பதே அப்பயிற்சியின் உட்பொருள் எனலாம்.

அப்படியானால் உண்மையான பற்றாக்குறையே இல்லையா என்ற எதிர்க்கேள்வி எழும். அதைத் தப்பவிடாமல் பிடித்தது யூத மரபு. பாபிலோனியத் தல்மூதின் பாவா மெட்சியா பகுதியில் ஒரு வழக்கு வருகிறது. இருவர் வனாந்தரத்தில் நடந்து செல்கின்றனர். ஒருவர் கையில் மட்டும் ஒரு குடுவை நீர் உண்டு. இருவரும் குடித்தால் இருவரும் இறப்பர், ஒருவர் மட்டும் குடித்தால் அவர் ஊர் சேர்வார். தோழனின் சாவை ஒருவன் கண்ணால் காண்பதைவிட இருவரும் குடித்து இருவரும் சாவதே மேல் என்று பென் பெத்தூரா கற்பித்தார். ரபி அகிவா வந்து, லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் உன் சகோதரன் உன்னோடு வாழவேண்டும் என்னும் கருத்தில் வரும் வசனத்தைக் காட்டி, உன்னோடு என்பதனால் உன் உயிரே முந்தியது என்று தீர்ப்பளித்தார். அயலானைத் தன்னைப் போல நேசிப்பதே தோராவின் பெருங்கொள்கை என்று கூறியவரும் இதே அகிவாதான் என்பதால், இத்தீர்ப்பைத் தன்னலம் என்று தள்ளிவிட முடியாது. தம்முடைய உயிரும் ஓர் உயிரே, அதை வீணே அழிக்கத் தமக்கும் உரிமையில்லை என்பது அவர் நிலைப்பாட்டின் அடி.

ஆபுத்திரனும் பென் பெத்தூராவும் இரு மரபுகளிலிருந்து வந்து ஒரே பக்கத்தில் நிற்கின்றனர். தனித்து உண்டு பிழைப்பதை இருவரும் ஏற்கவில்லை. ஆனாலும் அகிவாவின் தீர்ப்பே கடினமான சூழலுக்குப் பொருந்துகிறது, ஏனெனில் போதாத குடுவையின் முன் இருவரும் இறப்பது யாரையும் காப்பதில்லை. அத்தீர்ப்பு தன் ஆற்றலைப் பெறுவது வழக்கின் முன்குறிப்புகளிலிருந்துதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அது வனாந்தரம் என்று முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது. நீர் ஒரு குடுவையே என்றும், அது ஒருவர் கையில் உள்ளது என்றும் சொல்லப்பட்டுவிட்டது. அக்குடுவை எப்படி அவர் கைக்கு வந்தது, மற்றவர் ஏன் வெறுங்கையோடு புறப்பட்டார், பத்துக் காதத்துக்குள் கிணறு எதுவும் இல்லை என்று யார் சொன்னார்கள் என்பன வழக்கில் இடம்பெறுவதில்லை. பள்ளி விவாதத்துக்கு அது குறையில்லை. ஆட்சியாளர்கள் இவ்வழக்கைக் கடன் வாங்கும்போதுதான் ஆபத்து நேர்கிறது. வேறு மரபுகள் இம்முன்குறிப்புகளுக்குள்ளேயே கைவைத்தன. இசுலாமியச் சட்ட மரபில் நீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற நபிமொழியின் அடிப்படையில், கிணற்றுக்கு உடைமையாளர் இருந்தாலும் தாகத்தோடு வருபவருக்குக் குடிக்கும் உரிமை உண்டென்று வகுக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலார் தாமஸ் அக்வினாஸ், வேறு வழியற்ற கடும் தேவையில் இருப்பவர் பிறர் பொருளை எடுத்துக்கொள்வது திருட்டாகாது, அந்நிலையில் பொருள்கள் பொதுவாகிவிடுகின்றன என்று வாதிட்டார். குடுவை யாருடையது என்பது வழக்குக்கு முந்திய உண்மை என்பதை இவ்விரு மரபுகளும் ஏற்கவில்லை.

வனாந்தரம் அல்லாத ஓரிடத்தை வனாந்தரம் என்று அறிவித்தால் என்ன நேரும் என்பதற்குத் தென்னிந்தியா விலை கொடுத்து ஒரு சான்றை வைத்திருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற 1876-78ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், சென்னை, மைசூர், ஐதராபாத், பம்பாய்ப் பகுதிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்ததாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. பருவமழை பொய்த்தது உண்மை. ஆனால் துறைமுகமும் இரயில்பாதையும் இருந்தன. இந்தியாவிலிருந்து கோதுமை ஏற்றுமதியும் நிற்கவில்லை. சென்னை அரசு தானியத்தை வெளியே தெரியாமல் வாங்கி இருப்பு வைக்க முனைந்தபோது, தனியார் வணிகத்தில் தலையிட்டதற்காக இந்திய அரசு அதைக் கண்டித்தது. விக்டோரியா அரசியைப் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழாவை 1877 ஜனவரி 1 அன்று தில்லியில் நடத்திய வைசிராய் லிட்டன், செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு சர் ரிச்சர்ட் டெம்பிளைத் தெற்கே அனுப்பினார்.

டெம்பிளின் வரலாறு இங்கே முக்கியமானது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவர் அவரே. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி தருவிக்கப்பட்டதால் பட்டினிச் சாவு மிகச் சிறிதளவே நேர்ந்தது, அதற்காக அவர் ஊதாரி என்று பழிக்கப்பட்டார். பழியை நீக்கிக்கொள்ளும் வாய்ப்பாகத் தெற்கு அவருக்கு வாய்த்தது. நிவாரண வேலைக்கு வந்த வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், ஏறத்தாழ 450 கிராம், தானியமும் ஓரணாவும் போதும் என்று அவர் வகுத்தார்; டெம்பிள் கூலி என்ற பெயர் அதற்கு நிலைத்தது. அந்த அளவு உழைப்பவரின் உடலைத் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட, சில மாதங்களில் மாகாண அரசு அக்கூலியை உயர்த்த நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் முகாம்களில் இறந்தவர்களுக்கு அத்திருத்தத்தால் பயன் விளையவில்லை. இன்று சென்னை நகருக்குள் சாக்கடையாக ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இப்பஞ்சக் கூலியாட்களால் வெட்டப்பட்டது.

இதை வெறும் கொடுமையாக வாசித்தால் அதன் தத்துவப் பக்கம் நழுவிவிடும். லிட்டனும் டெம்பிளும் தம்மை அகிவாவின் பயணியின் இடத்தில் வைத்துக்கொண்டனர்: கருவூலமே குடுவை, அதைப் பகிர்ந்தால் அரசும் மக்களும் சேர்ந்து மடிவர், ஆகவே அரசின் உயிர் முந்தியது. அக்கருவூலம் 1878 நவம்பரில் ஆப்கானியப் போரைத் தொடங்கும் அளவுக்கு நீருடையதாக இருந்தது. அவர்கள் சார்ந்திருந்த கோட்பாடு ஆடம் ஸ்மித்தின் 1776ஆம் ஆண்டு நூலிலிருந்து இறங்கி வந்தது. தட்டுப்பாட்டைப் பஞ்சமாக்குவது அரசின் தலையீடே என்று தானிய வணிகத்தைப் பற்றிய பகுதியில் ஸ்மித் வாதிட்டிருந்தார். அவருடைய நெருங்கிய நண்பரான ஹியூம் அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, அவ்வளவு கடுமையல்லாத நெருக்கடியிலும் உடைமையாளரின் ஒப்புதல் இன்றிக் களஞ்சியங்களைத் திறப்பது அரசுகளின் வழக்கம் என்று எழுதி, அதை இயல்பான செயலாகவே கொண்டிருந்தார். இரு நண்பர்களில் யாரை வாசிப்பது என்ற தெரிவே தென்னிந்தியாவில் உயிர்களைப் பிரித்தது என்றால் அது சற்று மிகைதான். ஆனால் கோட்பாடு ஏதுமின்றி நேர்ந்த அழிவு அது என்பது அதைவிடப் பெரிய மிகை. 1981இல் அமர்த்திய சென் தம் பஞ்ச ஆய்வில், 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைக் கொண்டு, உணவு இல்லாததற்கும் உணவைப் பெறும் உரித்து ஒருவருக்கு இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைப் பொருளியலின் மொழியிலேயே நிறுவினார். உரித்து என்பது இங்கே உழைப்பு, உடைமை, சட்டம் ஆகியவற்றின் வழியாக ஒருவர் உணவின் மேல் செலுத்தக்கூடிய உரிமையைக் குறிக்கும்.

குடுவை சில நேரங்களில் உண்மையாகவே சிறியதாக இருப்பதும் உண்டு. செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் செய்யும் கூழ்மப்பிரிப்பு, 1960இல் சியாட்டில் நகர மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கையில் நிலையாகப் பொருத்தும் குழாயை உருவாக்கிய பின்னரே நாட்பட்ட நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் வாழவைக்கும் சிகிச்சையாயிற்று. 1962இல் அந்நகரில் திறக்கப்பட்ட மையத்தில் இயந்திரங்கள் மிகச் சில, நோயாளிகளோ மிகப் பலர். யாருக்கு இடம் தருவது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. சமயகுரு, வழக்கறிஞர், வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர் போன்றோர் அதில் பெயர் வெளியிடாமல் அமர்ந்து, விண்ணப்பித்தவரின் வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, படிப்பு, தேவாலயத் தொடர்பு ஆகியவற்றை எடை போட்டனர். அதே ஆண்டு நவம்பரில் லைஃப் இதழ் இதை வெளிக்கொணர்ந்தபோது எழுந்த அதிர்ச்சியிலிருந்துதான் இன்றைய மருத்துவ அறவியல் பிறந்தது என்று அத்துறையின் வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். பத்து ஆண்டுகளில், 1972இல், ஏறத்தாழ எல்லா அமெரிக்கருக்கும் அச்சிகிச்சையின் செலவை அரசே ஏற்கும் சட்டம் நிறைவேறியது. குழுவுக்கு வேலையில்லாமல் போயிற்று. இந்திரனின் மழை அங்கே சட்டமாகப் பெய்தது. அக்குழுவின் எழுவர் கெட்டவர்களாக இருந்தனர் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. குடுவையைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்கும் அதிகாரம் அவர்களிடம் கொடுக்கப்படவில்லை என்பதே சிக்கல். பற்றாக்குறை இயற்கையானதா செயற்கையானதா என்பதைப் பங்கிடுபவர் தம் இருக்கையிலிருந்து காண முடிவதில்லை. பங்கீட்டு நீதியில் தேர்ந்த நல்லோர் பலரும் இந்த இடத்தில்தான் தவறுகின்றனர்.

இயந்திரத்தைப் பணம் பெருக்கியது. மாற்றுச் சிறுநீரகத்தைப் பணம் பெருக்க முயன்ற கதை வேறு. 1980களிலும் 90களிலும் சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்ற இழிபெயர் விழும் அளவுக்கு ஏழைகள் தம் உறுப்பை விற்றனர். 1994இல் நாடாளுமன்றம் விற்பனையைத் தடை செய்தது; மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைக் காத்திருப்போர் பட்டியலின்படி பகிரும் திட்டத்தைத் தமிழ்நாடு 2008இல் முறைப்படுத்தியது. விற்பனைக்கு ஆதரவான தருக்கம் ராபின்ஸின் வரையறையிலிருந்து நேராக இறங்குகிறது: ஒருவரிடம் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன, பணம் இல்லை, மற்றவரிடம் பணம் உள்ளது, சிறுநீரகம் இல்லை, இருவரும் தெரிந்து தெரிவு செய்தால் இருவருக்கும் நன்மை. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ந்து 2002இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியான கட்டுரை அத்தருக்கத்தை அதன் சொந்தக் களத்திலேயே சோதித்தது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைப்பதற்காகவே விற்றிருந்தனர். விற்ற பின் குடும்பங்களின் சராசரி வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆய்வு நடந்தபோதும் கடனிலேயே இருந்தனர். அவர்களுடைய தெரிவு கட்டாயப்படுத்தப்பட்டதா என்ற விவாதம் நீண்டது. அதைவிட நேரான கேள்வி, அவர்கள் எந்த வனாந்தரத்தில் நின்று தெரிவு செய்தனர் என்பது. சிறுநீரகத்தின் பற்றாக்குறை உடலியல் உண்மை. அவர்களைச் சூழ்ந்திருந்த வனாந்தரம் வட்டியால் ஆனது.

குடுவை வழக்கு தல்மூதில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதும் இங்கே பொருத்தமாகிறது. அப்பகுதி தாகத்தைப் பற்றியது இல்லை, வட்டியைப் பற்றியது. அகிவா காட்டிய லேவியராகம வசனமும், வறுமையில் விழுந்த சகோதரனிடம் வட்டி வாங்காதே, அவன் உன்னோடு வாழட்டும் என்ற கட்டளையின் பகுதியே. ஏற்கனவே வாங்கிவிட்ட வட்டியைத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாமா என்று இரு அறிஞர் வாதிடுகின்றனர். அவன் வாழ்வதற்காக அதைத் திருப்பிக் கொடு என்பதே வசனத்தின் பொருள் என்கிறார் ரபி எலியாசர். அவ்வாறு கட்டாயப்படுத்த முடியாது என்னும் ரபி யோகனானுக்கு அதே வசனம் குடுவை வழக்குக்காகத் தேவைப்படுகிறது. வசனத்துக்கே பற்றாக்குறை போலும். ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு இல்லை. பின்வந்த சட்டத் தொகுப்புகள் அகிவாவின் தீர்ப்பைக் கைவிடவில்லை. ஆனால் வட்டி வழக்கில் அவை எலியாசரின் பக்கம் நின்று, முன்கூட்டியே பேசி வாங்கிய வட்டியை நீதிமன்றத்தின் வழியாகக் கடனாளியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதித்தன.